அறுந்த வயரும் பேசாத ரிப்பீட்டரும்: சீனக்குடாவை முன்வைத்து ஒரு மீளாய்வு

தீ எச்சரிக்கை வயர் ஒன்று வழியில் எங்கோ அறுந்துவிட்டால், அதற்கு அப்பால் இருப்பவர்கள் ஊமையாகிவிடாமல் காப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு 170 வயதுக்கு மேலாகிறது. 1852 ஏப்ரலில் பொஸ்டன் நகரில் வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற மின் கண்டுபிடிப்பாளரும் தெருமுனைப் பெட்டிகளைத் தந்திக் கம்பியால் இணைத்து உலகின் முதல் நகரத் தீ எச்சரிக்கைத் தந்தியை இயக்கினார்கள். அவர்கள் வழியில் வந்த கேம்வெல் பெட்டிகள் அமெரிக்க நகரங்களில் பரவின. நகரம் பெருத்ததும் ஒரே கம்பிச் சுற்றில் எல்லாப் பெட்டிகளையும் தொங்கவிட முடியவில்லை. பல சுற்றுகள் வந்தன. ஒரு சுற்றில் வந்த சைகையை மற்றச் சுற்றுகளுக்குத் திருப்பி அடிக்க ரிப்பீட்டர் வந்தது. கூடவே ஒரு தலையிடியும் வந்தது: ஒரு சுற்றில் கம்பி அறுந்தால் அந்தப் பழுதையும் சைகை என்று நினைத்து ரிப்பீட்டர் எல்லாச் சுற்றுகளுக்கும் பரப்பிவிடக்கூடாது.

ரிப்பீட்டர் தானாகவே சைகையைக் கடத்த வேண்டுமா, ஆளொருவர் கேட்டு உறுதிசெய்து அனுப்ப வேண்டுமா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. பெருநகரங்கள் ஆளை நம்பின. சிறு ஊர்கள் பொறியை நம்பின. இன்று கருவிகள் மாறியிருந்தாலும் கேள்விகள் பெரிதும் அவையேதான்.

ஏன் சீனக்குடா

சீனக்குடா அமைந்திருக்கும் திருகோணமலை இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாத சோதனைக்களம். உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு மட்டும் சுமார் 1,600 ஹெக்டேர். நகரமும் உவர்மலையும் ஒரு பக்கம், கடற்படைத் தளம் ஒரு பக்கம், சீனக்குடாவில் மாவு ஆலை, விமானப்படைத் தளம், எண்ணெய்க் குதங்கள் எனத் தீ ஆபத்துள்ள இடங்கள் நீரையும் குன்றையும் காட்டையும் நடுவில் வைத்துக்கொண்டு சிதறிக் கிடக்கின்றன.

பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட எண்ணெய்க் குதங்களில் இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்குக் குறையாமல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு குதம் அழிந்தது. அது நாட்கணக்கில் எரிந்ததாகச் சொல்வார்கள். 2003 இல் குதத் தொகுதி லங்கா ஐஓசி நிறுவனத்தின் கைக்குப் போனது. கீழ்த் தொகுதிதான் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 ஜனவரி உடன்பாடு 99 குதங்களை மூன்றாகப் பிரித்தது: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. அந்தக் கூட்டு நிறுவனத்தின் பங்கில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது.

குதத் தொகுதியின் பரப்பு சுமார் 850 ஏக்கர் என்பார்கள். அதை ஒரு சதுரமாகக் கற்பனை செய்தாலே சுற்றளவு 7 கிலோமீற்றரைத் தாண்டும். எச்சரிக்கை பெனல்களை இணைக்கப் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்-485 என்ற செப்புவயர் முறைக்கு ஏட்டில் எழுதிய எல்லை 1,200 மீற்றர். செப்பு வயரில் இந்தத் தொகுதியை ஒரு சுற்றுச் சுற்றிவர ஆறு ரிப்பீட்டராவது வேண்டும். வளைவு நெளிவைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

ரிப்பீட்டர் செய்யும் வேலை

ஒரே பெயரில் இரண்டு கருவிகள் சந்தையில் உண்டு. ஒன்று, பிரதான பெனலில் தெரிவதை வாயிற்காவல் அறையிலோ தீயணைப்புப் படையினர் வந்திறங்கும் இடத்திலோ அப்படியே காட்டும் துணைப் பெனல். மற்றது, தொலைவில் தேய்ந்துபோன சைகையை வாங்கிப் புதிதாக வடித்து அடுத்த துண்டுக்கு அனுப்பும் பெட்டி. இக்கட்டுரை பேசுவது இரண்டாவதை.

தொலைவு சைகையை இரண்டு வகையில் கெடுக்கிறது. சைகையின் வடிவம் மழுங்குவது ஒன்று. அதை ரிப்பீட்டர் சரிசெய்துவிடும். வோல்ற்றளவு வீழ்வது மற்றது. அதற்கு ரிப்பீட்டரிடம் மருந்தில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 12 ஓம் தடை. இரண்டு கிலோமீற்றர் போய்த் திரும்பினால் 48 ஓம். அதன் வழியே 0.4 அம்பியர் ஓட்டினால் 19 வோல்ற் வழியிலேயே கரைந்துவிடும். 24 வோல்ற் பெனலில் இருந்து புறப்பட்ட மின்சாரத்தில் கடைசிப் பெட்டிக்கு 5 வோல்ற்தான் மிஞ்சும். ஆகவே தொலைவிலுள்ள ரிப்பீட்டருக்குப் பெனலில் இருந்து மின்சாரம் கொடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதற்கென்று உள்ளூர் மின் இணைப்பும் சார்ஜரும் பற்றரியும் வேண்டும். வயர் எந்த வடிவில் ஓட வேண்டும் என்று சண்டைபிடிக்கும் பல எழுத்துகள் இந்தச் சின்னக் கணக்கைக் கடந்து போய்விடுகின்றன.

ஒற்றைக் கோடு

மிகப் பழைய நிலைப்பாடு இது. பெனலில் தொடங்கிக் கருவி கருவியாகப் போய், கடைசியில் ஒரு தடையியோடு முடியும் ஒரே கோடு. வயரில் எப்போதும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் பெனல் பழுதென்று கத்தும். கேம்வெல் பெட்டிகளின் மூடிய சுற்றுக் கருத்துத்தான் இதன் மூலம். அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 72 இதை பி வகுப்பு என்கிறது.

செலவு குறைவு, பழுதைத் தேடுவது சுலபம் என்பது இதன் பலம். பலவீனம் வெளிப்படை: அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள எதுவும் பேசாது. பழுது என்று பெனல் சொல்லும், உண்மைதான். ஆனால் வெள்ளி இரவில் சொன்ன பழுதைத் திங்கள் காலை பார்க்கும் வழக்கமுள்ள இடங்களில் அந்த அறிவிப்பின் பெறுமதி குறைவு. ரிப்பீட்டர்களை இந்தக் கோட்டில் வரிசையாகக் கோத்தால் முதலாவதன் பழுது பின்னுள்ள எல்லாவற்றையும் வாயடைக்கும். கேம்வெல் காலத்திலேயே இதற்கு ஒரு மாற்று இருந்தது. கம்பி அறுந்தால் பூமி வழியே மின்னோட்டத்தைத் திருப்பி, இரு துண்டுகளிலும் இருந்து சைகை வரச் செய்தார்கள். வளையம் என்ற எண்ணத்தின் வித்து அங்கேயே தெரிகிறது.

வளையம்

இன்று பொறியியல் வட்டாரத்தில் கிட்டத்தட்டக் கேள்வியின்றி ஏற்கப்படும் பதில் இது. பெனலில் இருந்து புறப்பட்ட வயர் எல்லாக் கருவிகளையும் தொட்டு மறுவழியாகப் பெனலுக்கே திரும்பும். ஓரிடத்தில் அறுந்தால் இரு முனைகளிலிருந்தும் பேசலாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒதுக்க இடையிடையே ஐசோலேற்றர்கள் இருக்கும்.

தரநிலைகள் இந்தத் திசையில்தான் இழுத்தன. பிரித்தானியாவின் பிஎஸ் 5839 முதற்பாகம் ஒரு பழுதால் 2,000 சதுர மீற்றருக்கு மேலும், இரண்டு பழுதுகளால் 10,000 சதுர மீற்றருக்கு மேலும் பாதுகாப்பு இழக்கப்படக்கூடாது என்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 54 ஒரு வயர்ப் பழுதால் 32 கருவிகளுக்கு மேல் இழக்கக்கூடாது என்றும், பெனலின் உட்பழுதொன்றால் 512 க்கு மேல் இழக்கக்கூடாது என்றும் வரம்பு வைத்தது. இந்த எண்களைச் சந்திக்க வளையம் இயல்பான வழி.

ஆனால் இவை கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. திறந்தவெளிக் குதத் தொகுதிக்கு அப்படியே கொண்டுவந்தால் மூன்று இடங்களில் வளையம் தடுமாறுகிறது.

முதலாவது, வழித்தடம். போகும் வயரும் திரும்பும் வயரும் ஒரே குழியில் கிடந்தால் வரைபடத்தில் வளையம், தரையில் ஒற்றைக் கோடு. ஒரு பெக்கோ இயந்திரத்தின் ஒரு வாரல் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீற்றர் இடைவெளி விடலாம் என்ற அமெரிக்கப் பரிந்துரை கட்டடத்துக்குள் நியாயமானது. எண்ணெய்க் குதத்தின் அணைகட்டுக்குள் குளமாகத் தேங்கிய எரிபொருள் பற்றினால் அந்த வெப்பத்துக்கு 1.2 மீற்றர் ஒரு பொருட்டல்ல. அங்கே திரும்பும் வயர் தொகுதியின் மறுகரையால் போக வேண்டும். அப்போது நீளம் கூடும். நீளம் கூடினால் ரிப்பீட்டர் கூடும். வளையத்தை உண்மையான வளையமாக்கப் புறப்பட்டால் பழுதடையக்கூடிய பெட்டிகளின் எண்ணிக்கை ஏறிவிடுகிறது.

இரண்டாவது, எரியாவி உள்ள பகுதி. அங்கே உள்ள கருவிகளுக்குப் பொறி பறக்கப் போதாத அளவு மின்சக்தியையே தடுப்புக் கருவி வழியே அனுப்ப வேண்டும். வளையத்தில் மின்சாரம் இரு முனைகளிலிருந்தும் வரும். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு வரம்பைத் தாண்டலாம். அதனால் அந்தப் பகுதிக்குள் பெரும்பாலும் கிளைக் கோடுகளையே இழுக்கிறார்கள். அதாவது, ஆபத்து அதிகமுள்ள கடைசிச் சில மீற்றர்களில் பழைய ஒற்றைக் கோடே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. வளையத்தின் ஆதரவாளர்கள் இதைக் குறிப்பிடும்போது குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

மூன்றாவது, மின்னல். இலங்கையில் இடைப்பருவ மாதங்களான ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் இடிமின்னல் காலம். ஆர்எஸ்-485 இன் ஏற்புக் கருவி இரு இடங்களின் நிலமட்ட மின்னழுத்தம் −7 முதல் +12 வோல்ற் வரை வேறுபடுவதைத்தான் தாங்கும். பக்கத்தில் ஓர் இடி இறங்கினால் தரையின் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கில் எழும். இரண்டு கட்டடங்களைச் செப்பால் இணைத்தவுடன் அந்த வேறுபாட்டுக்குப் பாதை போட்டுக் கொடுத்தாயிற்று. உள்ளே சைகையை ஒளியாகக் கடத்தி மின்தொடர்பைத் துண்டிக்கும் ரிப்பீட்டரும் மின்னெழுச்சித் தடுப்பியும் ஓரளவு காக்கும். நேரடியாக விழும் இடிக்கு அவை உத்தரவாதமல்ல.

கண்ணாடியிழை

கண்ணாடியிழை வந்ததும் தொலைவு வாதம் பலமிழந்தது. ஒற்றைமுறை இழையில் 10 கிலோமீற்றர் என்பது சாதாரணம். சீனக்குடாக் குதத் தொகுதி முழுவதையும் நடுவில் ஒரு ரிப்பீட்டரும் இல்லாமல் சுற்றிவரலாம். மின்னல் பிரச்சினையும் இழைக்குள் வராது. ஈதர்நெற் வலையமைப்பை ஏற்று என்எஃப்பிஏ 72 தனது 2016 பதிப்பில் ‘என்’ (N) வகுப்பு என்ற புதிய பிரிவையே சேர்த்தது.

இங்கேயும் பிசிறுகள் உண்டு. எலியும் கறையானும் உள்ள மண்ணில் புதைக்கும் கேபிளுக்கு எஃகுக் கவசம் வேண்டும் என்பார் கேபிள் போடுபவர். எஃகுக் கவசம் மின்னலைக் கடத்தும், வேண்டாம் என்பார் மின்பாதுகாப்பு பார்ப்பவர். கண்ணாடிநூல் கவசம் இரண்டுக்கும் நடுவான தீர்வு, விலைதான் கூட. இழை அறுந்தால் ஒட்டுவதற்குத் தனி இயந்திரமும் கைப்பழக்கமும் வேண்டும். செப்பு வயரை ஊரிலுள்ள எந்த எலக்ரீசியனும் மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்துவிடுவார். கண்ணாடியிழையைத் திருத்த ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தால், அந்தக் காத்திருப்பையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகக் கணக்கிட வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று. இழை சைகையைக் கொண்டுபோகும், மின்சாரத்தைக் கொண்டுபோகாது. இரு முனையிலும் ஒளியை மின்சைகையாக்கும் பெட்டிகள் வேண்டும். நடுவழி ரிப்பீட்டர்கள் ஒழிந்தாலும் முனைப் பெட்டிகளுக்குப் பற்றரி வேண்டும் என்ற நிலை அப்படியே இருக்கிறது.

வானொலி

குழி தோண்ட வேண்டாம், கடலைச் சுற்ற வேண்டாம் என்பதால் துறைமுக நகரத்துக்கு வானொலி கவர்ச்சியானது. ஈஎன் 54 இன் 25 ஆம் பாகம் வானொலி இணைப்புகளுக்குத் தேவைகளை வரையறுத்திருக்கிறது. நீருக்கு மேலான நேர்பார்வை நன்மை. குன்றுகளும் இரும்புக் குதங்களும் தீமை. இரும்புக் காட்டுக்குள் அலை பட்டுச் சிதறும். 1964 டிசம்பர்ப் புயலையும் 2020 டிசம்பரில் இதே கரையில் ஏறிய புரேவியையும் பார்த்த ஊரில் அன்ரனாக் கம்பங்களை முதன்மை வழியாக நம்புவது கடினம். இரண்டாவது வழியாக வைப்பதில் தவறில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வரும் பழுது

மேலே சொன்ன நிலைப்பாடுகள் அனைத்தும் ஒரு மௌன அனுமானத்தில் நிற்கின்றன: பழுதுகள் ஒன்றொன்றாக வரும். வளையத்தின் பெருமையே ஒரு பழுதைத் தாங்குவதுதான். ஆனால் மின்வெட்டு எல்லா ரிப்பீட்டர்களையும் ஒரே நொடியில் பற்றரிக்குத் தள்ளுகிறது. அவற்றில் இரண்டின் பற்றரி செத்திருந்தால் வளையம் இரண்டு இடங்களில் அறும். நடுவில் உள்ள துண்டு முழுவதும் தனித்துப்போகும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதைத் தரநிலையோடு பொருத்திப் பார்க்கலாம். வழக்கமாகப் பற்றரி 24 மணிநேரம் தாங்கும்படி தெரிவுசெய்யப்படும். ஈஎன் 54 இன் 4 ஆம் பாகம் சார்ஜர் 24 மணிநேரத்தில் 80 வீதம் ஏற்றினால் போதும் என்கிறது. இந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் நிறைவேற்றும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் 13 மணிநேர வெட்டில் 54 வீதம் செலவாகும், 46 மிஞ்சும். மின்சாரம் இருக்கும் 11 மணிநேரத்தில் 37 வீதம் ஏறும், 83 ஆகும். இரண்டாம் நாள் வெட்டு முடியும்போது 29, ஏற்றியபின் 66. மூன்றாம் நாள் 12, பின் 49. நான்காம் நாள் வெட்டு முடியுமுன் பற்றரி தீர்ந்துவிடும். தரநிலையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய கருவி, புதிய பற்றரியோடு, நான்காம் நாளில் வாய் மூடுகிறது. நீண்ட ஒற்றை மின்தடையை நினைத்து எழுதிய விதி, தினமும் வந்து வந்து போகும் தடையை நினைத்துப் பார்க்கவில்லை.

வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். அடைத்த ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் கூடும்போதும் ஏறத்தாழ பாதியாகிறது என்பது துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட நடைமுறை விதி. 25 பாகையில் ஐந்து ஆண்டு வரும் பற்றரி, திருகோணமலை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் 45 பாகையில் இருந்தால் ஒன்றேகால் ஆண்டில் முடிந்துவிடலாம். மின்சாரம் இருக்கும்வரை அது செத்தது யாருக்கும் தெரியாது. சைகையை மட்டும் கடத்தி, தன் நிலை பற்றி எதுவும் சொல்லாத மலிவான ரிப்பீட்டராக இருந்தால் பிரதான பெனலில் எல்லாம் பச்சையாகவே எரியும். தந்திக் காலத்து மூடிய சுற்று, தன் பழுதைத் தானே சொல்லும் என்ற நற்பண்பைக் கொண்டிருந்தது. பிற்காலத்துப் பெட்டிகள் பல அதை விலைக்காக விட்டுக்கொடுத்திருக்கின்றன. இந்த விடயத்தில் பின்னோக்கிப் போயிருக்கிறோம் என்பது மிகைக் கூற்றாகாது.

சைகை போய்ச் சேரும் இடம்

2005 டிசம்பர் 11 இல் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் கிடங்கில் ஒரு குதம் நிரம்பி வழிந்தது. மட்டமானி நகராமல் நின்றுவிட்டது. தனியாக வைத்திருந்த உச்சமட்ட ஆளியும் வேலை செய்யவில்லை. நிரம்பி வழிவதைச் சொல்லும் சைகை பிறக்கவே இல்லை. அதைக் கடத்தும் வயர் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்? 2009 ஒக்டோபர் 29 இல் ஜெய்ப்பூரின் இந்தியன் ஒயில் முனையத்தில் எரியாவி மேகம் வெடித்தபோது முனையத்தின் கட்டடங்களே சிதைந்தன. பின்னர் அந்த விபத்தை விசாரித்த எம்.பி. லால் குழு தந்த பரிந்துரைகளில் எரியாவி உணரிகளும், கட்டுப்பாட்டு அறையை ஆபத்திலிருந்து விலக்கி வைப்பதும் இடம்பெற்றன. எல்லா வயர்களும் ஒரே அறையில் முடியும் வலையமைப்பில் அந்த அறைதான் கடைசிப் பலவீனம். இரண்டாவது பெனல் ஒன்று வேறிடத்தில், தனி வழியில் இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு ஜெய்ப்பூரைவிட வலுவான சான்று தேவையில்லை.

சீனக்குடாவில் இதற்கு நிர்வாக முகமும் உண்டு. தீ எல்லைக்கல்லைப் பார்த்துப் பரவுவதில்லை, கேபிள் ஒப்பந்தங்கள் பார்த்துத்தான் போடப்படுகின்றன. 14, 24, 61 என்று பிரிந்த மூன்று பொறுப்புகளுக்கும் மூன்று தனி வளையங்கள் போட்டால் ஒவ்வொன்றும் தன்னளவில் தரநிலையை நிறைவேற்றும். பக்கத்து வளையத்தில் எழுந்த எச்சரிக்கை இங்கே கேட்காது. ஒரே வளையமாகப் போட்டால் ஒருவருடைய பராமரிப்புக் குறைவு மற்றவரை ஊமையாக்கலாம். வேறுவேறு நிறுவனங்களின் பெனல்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், மிகப் பழைய வழியான ரிலே தொடுமுனை வழியே ‘தீ’, ‘பழுது’ என்ற இரண்டு செய்திகளை மட்டும் கடத்துவதே இப்போதைக்கு நம்பத்தக்கது. எந்தக் குதம் என்ற விவரம் அதில் போகாது. ஆனால் அடுத்தவரின் பழுது இங்கே பரவவும் மாட்டாது. பொஸ்டன்காரர்களின் பழைய தலையிடிக்கும் அதே மருந்துதான்.

மதிப்பீடு

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், திறந்தவெளியில் சில கிலோமீற்றர் பரந்த இடத்துக்குத் தண்டுவழி கண்ணாடியிழை வளையமாகவும், கடைசிக் கிளைகள் செப்பாகவும் இருப்பதே இன்று ஓரளவு உறுதியாகப் பரிந்துரைக்கக்கூடியது. செப்பு ரிப்பீட்டர்களைத் தொடராகக் கோக்கும் முறையை, ஏற்கெனவே வயர் புதைந்து கிடக்கும் இடங்களைத் தவிர, புதிதாகத் தொடங்க நியாயம் தெரியவில்லை. தொலைவைக் கடக்க எத்தனை ரிப்பீட்டர் வேண்டும் என்பதைவிட, எத்தனையைத் தவிர்க்கலாம் என்பதே முதலில் கேட்க வேண்டியது. தவிர்க்க முடியாதவை மின்சாரம், பற்றரி, வயர் ஆகிய மூன்றின் நிலையையும் தனித்தனியாகப் பெனலுக்குச் சொல்ல வேண்டும்.

திறந்தே இருக்கும் கேள்விகள் சில. அடிக்கடி வந்துபோகும் மின்வெட்டுக்குப் பற்றரியை எப்படி அளவிடுவது என்பதற்குத் தரநிலைகளில் நேரடிப் பதில் இல்லை. லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி வெப்பத்தை ஈய அமிலத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் எரியாவி உள்ள இடத்துக்கு அருகே அதை வைக்கலாமா என்பதில் கருத்தொற்றுமை உருவாகவில்லை. எரியாவிப் பகுதிக்குள் ஒற்றைக் கிளைக்கு மாற்றாக இரண்டு தனிக் கிளைகளை இழுப்பது செலவுக்குத் தகுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

ஒன்றுமட்டும் காத்திருக்கத் தேவையில்லை. குதங்களைப் புதுப்பிக்கும் வேலைக்குக் கேள்விப்பத்திரம் எழுதுபவர்கள் சார்ஜரின் வேகத்தை 2022 மார்ச்சை வைத்துக் கணக்கிடட்டும். கேபிள் வழித்தட வரைபடத்தில் மூன்று தரப்பாரும் கையெழுத்திடட்டும்.